டாலியும் டாலரும்

டாம்பா விமான நிலையத்திலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரை மணி நேர ஓட்டம்தான். ஏறும்போது 45 டாலர் என்ற வாடகைக் கார்காரர் இறங்கும்போது 70 கேட்டார். பெட்டிக்கு இவ்வளவு, பாலத்துச் சுங்கத்துக்கு இவ்வளவு என்று விரல் மடக்கினார். வழியில் ஒரு சுங்கச்சாவடியைக்கூட நான் பார்க்கவில்லை. ஊர் புதிது, மேலே ஃப்ளோரிடா வெயில், கொடுத்துத் தொலைத்தேன்.

அந்த வயிற்றெரிச்சலோடுதான் ஸ்பானிய ஓவியர் சால்வடார் டாலியின் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். டிக்கெட்டும் மலிவில்லை, என் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவு. 2011இல் திறந்த கட்டடம். புயல் அடிக்கும் ஊர் என்பதால் சுவர் 18 அங்குலக் கான்கிரீட். அதன் வயிற்றைப் பிளந்துகொண்டு 1,062 முக்கோணக் கண்ணாடிகள் கொப்புளம்போலப் பிதுங்கி நிற்கின்றன.

எல்லாரையும்போல நானும் உருகும் கடிகாரத்தைத் தேடித்தான் ஓடினேன். 1931இல் வரைந்த மூல ஓவியம் நியூயார்க்கில் இருக்கிறது. இங்கிருப்பது, அணுகுண்டு விழுந்த பிறகு 1950களில் டாலி அதே காட்சியை உடைத்து வரைந்தது: நிலம் செங்கல் செங்கலாகப் பிரிந்து மிதக்கிறது. உயரம் 25 சென்டிமீட்டர். முன்னால் பத்துத் தலைகள். எனக்குத் தெரிந்தது ஒரு மூலை.

ஏமாற்றத்தைத் தீர்த்தவர் காளைச்சண்டை வீரர். 1970இல் முடித்த, 4 மீட்டர் உயர ஓவியம். பக்கத்தில் நின்றால் காதல் தெய்வமான வீனஸின் கையில்லாத சிலைகள்தான் வரிசையாகத் தெரிகின்றன. வீரர் எங்கே? “பின்னால் போங்கள், இன்னும் பின்னால்” என்றார் காவலர். பத்தடி நகர்ந்தேன். சிலையின் மார்பு மூக்கானது, வயிற்று மடிப்பு வாயானது, பச்சைப் பாவாடை கழுத்துப்பட்டையானது. முகம் வந்துவிட்டது! அதன்பிறகு எவ்வளவு முயன்றும் அந்த முகத்தை விலக்கிவிட்டுச் சிலையை மட்டும் பார்க்க முடியவில்லை. பென்சில் பெட்டியில் அச்சிட்டிருந்த வீனஸ் படத்தில் டாலிக்கு ஒரு முகம் தென்பட்டதுதான் இதற்கு வித்தாம். அங்கேயே 40 நிமிடம் நின்றேன். மற்ற அறைகளை ஓட்டமாகப் பார்த்தேன்; வருத்தமில்லை.

கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கிய சர்ரியலிச இயக்கத்தின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன், டாலியின் பெயரெழுத்துகளைக் கலைத்துப்போட்டு ‘ஆவிடா டாலர்ஸ்’ என்று பட்டம் சூட்டினார். டாலர் வெறியர் என்று பொருள். பொய்யில்லை. ஹிட்ச்காக் படத்துக்குக் கனவுக் காட்சி, டிஸ்னியோடு கார்ட்டூன், விளம்பரம் என்று அமெரிக்காவில் மனிதர் எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் சர்ரியலிசத்தைக் கடைத்தெருவரை இழுத்துவந்ததும் அவர்தான். 1939இல் நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் ஒரு கடையின் கண்ணாடி ஜன்னலை அலங்கரித்தார். கடைக்காரர்கள் கேட்காமல் அதை மாற்றிவிட்டார்கள். டாலி உள்ளே புகுந்து குளியல்தொட்டியைப் புரட்டினார். அது கண்ணாடியை உடைத்துக்கொண்டு நடைபாதைக்கே வந்துவிட்டது. போலீஸ் பிடித்துப்போனது. பேசியதைப் பிறகு மாற்றினால் வரும் கோபம் அன்று எனக்கு நன்றாகவே புரிந்தது. நான் காரின் கதவைச் சற்று ஓங்கிச் சாத்தியதோடு சரி.

வெளியே வரும் வழி கடைக்குள்தான் போகிறது. மேசை விளிம்பில் வழியும் கடிகாரத்தின் விலையைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். கட்டுப்படியானது ஒரு பென்சில். அதில் வீனஸ் இல்லை.