ஜெர்மனியில் கோடை இன்டர்ன்ஷிப்: மெயிலில் தொடங்கி லேப் வரை

திருச்சி என்ஐடியில் மெட்டலர்ஜி மூன்றாம் வருடம் முடித்த கையோடு ஜெர்மனியின் ஆகன் நகரத்துக்குப் போய், அங்கே ஆர்டபிள்யூடிஹெச் பல்கலைக்கழகத்தில் எஃகு ஆராய்ச்சி செய்யும் ஒரு குழுவில் கோடை முழுக்க வேலை செய்துவிட்டு வந்தேன். வந்த நாளிலிருந்து ஜூனியர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, அந்தப் பேராசிரியருக்கு இடம் கேட்டு அனுப்புன மெயில்ல என்ன எழுதுனீங்க?" சரியான கேள்விதான். பாதி வேலை அந்த மெயிலில்தான் இருக்கிறது.

முதலில் பணம். நான் போனது டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு இந்திய மாணவர்களின் கோடை இன்டர்ன்ஷிப்புக்குத் தரும் வைஸ் உதவித்தொகையில். மாதாமாதம் செலவுக்குப் பணம், மருத்துவக் காப்பீடு, பயணத்துக்கு ஒரு தொகை என்று தருவார்கள். ஆனால் யாரிடம் வேலை செய்யப் போகிறோம் என்பதை நாமேதான் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தப் பேராசிரியரின் அழைப்புக் கடிதம் கையில் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் என்ற இன்டர்ன்ஷிப் திட்டம் வேறு மாதிரி, அங்கே ப்ராஜெக்ட் பட்டியல் கொடுத்து விருப்பத்தைக் கேட்பார்கள். வைஸ் விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். ஜெர்மனியில் ஆகஸ்ட் மாதம் பலர் விடுமுறையில் இருப்பார்கள் என்பதையும் கணக்கில் வைத்து, ஜூலையிலேயே தேடத் தொடங்கிவிடுங்கள்.

இப்போது மெயில். ஒரே மெயிலில் பெயரை மட்டும் மாற்றி நூறு பேருக்கு அனுப்புகிற வழக்கம் எல்லா ஹாஸ்டலிலும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அப்படி வரும் மெயில்கள் அந்தப் பேராசிரியர்களிடம் குவிந்து கிடக்கின்றன, இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். நான் பேராசிரியரை விட்டுவிட்டு அவர் குழுவில் இருக்கும் பிஎச்டி மாணவர்கள் யார், ஒவ்வொருவரும் இப்போது என்ன செய்கிறார்கள் என்றுதான் முதலில் பார்த்தேன். ஏனென்றால் அங்கே போனால் தினமும் நம்மோடு உட்காரப் போவது அவர்கள்தான், நம்மைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பேராசிரியர் கேட்கப் போவதும் அவர்களிடம்தான். அவர்களில் ஒருவர் எழுதிய பேப்பர் டூயல் ஃபேஸ் எஃகைப் பற்றியது, அதாவது ஃபெரைட் என்ற மென்மையான பகுதியும் மார்டென்சைட் என்ற கடினமான பகுதியும் கலந்த எஃகு. அதில் மார்டென்சைட் எத்தனை சதவீதம் என்று மைக்ரோஸ்கோப் படத்திலிருந்து கணக்கிட்டிருந்தார்கள். நைட்டால் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) போட்டு மேற்பரப்பை லேசாக அரிக்கவிட்டால், அதாவது எட்ச் செய்தால், சாதாரண ஆப்டிகல் மைக்ரோஸ்கோப்பில் ஃபெரைட் வெளிச்சமாகவும் மார்டென்சைட் இருட்டாகவும் தெரியும். ஆனால் எட்ச்சிங் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் உள்ள எல்லை நகர்ந்துவிடும், கணக்கும் மாறிவிடும். எங்கள் கல்லூரி லேப் படங்களில் எனக்கே இது நடந்திருந்தது. அந்தப் படங்கள் இரண்டை இணைத்து, எல்லையை நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டு, இதை பைத்தானில் நிரல் எழுதிச் சரிசெய்து பார்க்க எனக்கு விருப்பம் என்று சின்னதாக எழுதி, பேராசிரியருக்கும் அவருக்கும் சேர்த்தே அனுப்பினேன். சிஜிபிஏ ஒரே வரி. பதில் எழுதியது அந்த பிஎச்டி மாணவர்தான். அப்புறம் ஒரு வீடியோ கால், அதற்கப்புறம் அழைப்புக் கடிதம்.

விசாவில் பயப்பட ஒன்றும் இல்லை, தேதி மட்டும் கவனம். தங்குவது 90 நாளுக்குள் என்றால் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா), தாண்டினால் ஜெர்மனியின் தேசிய விசா, இரண்டுக்கும் காகிதங்களும் காத்திருப்பும் வேறு வேறு.

உண்மையான தலைவலி அறை. அங்கே கோடை செமஸ்டர் ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை வகுப்பு ஓடும், அதனால் நாம் போய் இறங்கும் மே மாதத்தில் மாணவர் விடுதிகள் நிரம்பி வழியும். யாராவது வேறு ஊருக்குப் போகும்போது தன் அறையை சில மாதங்களுக்கு உள்வாடகைக்கு விடுவார்கள், அதைத்தான் பிடிக்க வேண்டும். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் போடுங்கள், சாவியை கூரியரில் அனுப்புகிறேன்" என்று யார் சொன்னாலும் அது மோசடி, பேச்சையே நிறுத்திவிடுங்கள். என் அறை குழுவிலிருந்த ஒருவர் மூலமாகத்தான் கிடைத்தது, கூச்சப்படாமல் கேளுங்கள். முன்பணத்துக்கும் முதல் மாத வாடகைக்கும் கையிலேயே யூரோ வைத்திருப்பது நல்லது.

லேபில் முதல் வேலை பாதுகாப்பு வகுப்பு, கையெழுத்துப் போடாமல் எதையும் தொடவிடமாட்டார்கள். பிறகு பல நாட்களுக்கு சாம்பிள் தேய்ப்பதுதான் வேலை: சிலிக்கான் கார்பைடு தாளில் சொரசொரப்பானதிலிருந்து நுண்ணியது வரை, அப்புறம் 3 மைக்ரான் வைரப் பசை, அப்புறம் 1 மைக்ரான். சலிப்பாக இருக்கும்தான், ஆனால் இதில் ஒரு கீறல் மிச்சம் இருந்தால் என் நிரல் அதை மார்டென்சைட் என்று எண்ணிவிடும் என்பதால் எனக்கு அது சலிக்கவில்லை. நம் ஊரில் புரியாவிட்டாலும் "ஓகே சார்" என்று தலையாட்டிப் பழகியிருக்கிறோம். அங்கே தலையாட்டினால் புரிந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள், அடுத்த வாரம் முடிவைக் கேட்பார்கள். ஒரு இடத்தில் சிக்கினால் அன்றே சொல்லிவிட வேண்டும், என்னென்ன முயன்றேன் என்பதையும் சேர்த்து. வாரக் கூட்டத்துக்கு ஒரே பக்கம் தயார் செய்வேன்: இரண்டு படம், ஒரு வரைபடம், ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்காகவே பேராசிரியர் நேரம் ஒதுக்கினார். இரவு வரை உட்கார்ந்து நல்ல பேர் வாங்கலாம் என்று நினைக்காதீர்கள், எங்கள் லேபில் தனியாக ஆசிட் வேலை செய்யவே அனுமதி இல்லை.

சாப்பாடு சமாளிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஆகனிலிருந்து டவுன் பஸ்ஸிலேயே எல்லைக்கு அந்தப் பக்கம் நெதர்லாந்தில் இருக்கும் வால்ஸ் ஊருக்குப் போய்வரலாம் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் இரண்டு விஷயங்களை முடித்துவிடுங்கள். நிரலையும் படங்களையும் அடுத்தவர் எடுத்து ஓட்டுகிற மாதிரி குறிப்போடு ஒப்படையுங்கள். பரிந்துரைக் கடிதத்தையும் அப்போதே கேளுங்கள், நாம் செய்தது அவர்களுக்கு நினைவில் இருக்கும்போது எழுதும் கடிதத்தில்தான் விவரம் இருக்கும். வைஸ் எல்லாக் கல்லூரிகளுக்கும் கிடையாது, உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இல்லாவிட்டால் ஐஏஇஎஸ்டிஇ (தொழில்நுட்ப மாணவர்களுக்கான சர்வதேச இன்டர்ன்ஷிப் பரிமாற்ற அமைப்பு) போன்ற வழிகளை விசாரியுங்கள், அந்த மெயிலை மட்டும் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். ஏனென்றால் சொந்த ப்ராஜெக்ட் நிதி வைத்திருக்கும் குழுக்களும் உண்டு.