பக்கவாதத்துக்குப் பிறகு தாளத்தோடு நடை பழகுவது: எங்கள் அனுபவம்

தாளத்துக்கு நடக்கலாம் என்றதும் பலரும் பக்கவாதம் வந்தவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். பாட்டு இப்போது வேண்டாம், முதலில் எண்ணுங்கள். துணையோடு நடக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகு, சமதரையில் அவர் தன் போக்கில் நடக்கும்போது 30 விநாடிக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று பார்த்து இரண்டால் பெருக்குங்கள். 56 வந்தால், சீராகத் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோம் ஆப்பிலும் நிமிடத்துக்கு 56தான். நோயில்லாதவர்கள் நிமிடத்துக்கு நூறு அடிக்கு மேல் வைப்பார்கள். அந்த வேகத்தை இவரிடம் எதிர்பார்த்தால் அடி குறுகும், நுனிக்கால் தரையில் உரசும், முட்டி பின்பக்கமாக வெட்டும். விழுவது அப்போதுதான்.

அடுத்த தட்டு எப்போது விழும் என்பது மூளைக்கு முன்பே தெரிந்துவிடுவதால், காலைத் தூக்கும் நேரமும் அதற்கு ஒத்துப்போகிறது. இசை சிகிச்சை ஆய்வாளர் மைக்கேல் தாட் குழுவினர் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், தாளத்தோடு பழகியவர்களுக்கு வேகமும் அடியின் நீளமும் கூடின.

உடனே நடக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் பாதம் தட்டட்டும். பிறகு எழுந்து, பிடித்துக்கொண்டு, தட்டுக்கு ஒருமுறை எடையைக் கால் மாற்றட்டும். அதன் பிறகு நடை. நீங்கள் பலமில்லாத பக்கத்தில், அரை அடி பின்னால் நில்லுங்கள். காலணி பின்வார் உள்ளதாக இருக்கட்டும். ரப்பர் செருப்பு கழன்றுவிடும். காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்: 'டப்', நீண்ட இடைவெளி, 'சர்ர்', உடனே 'டப்' என்று வந்தால் பலமில்லாத காலில் அவர் நிற்கவே பயப்படுகிறார். வேகத்தைக் கூட்டாதீர்கள். இடைவெளி இரண்டு பக்கமும் சமமாகும்வரை அதே எண்ணில் இருங்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் தாளம் அறுந்துவிடும்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டி கிடையாது. ஆனால் மாலையில் கூட்டம் இடிக்கும், விடியற்காலைதான் நல்லது. அலைச் சத்தத்தில் போன் ஒலி அமுங்கிப்போகும். சின்ன புளூடூத் ஸ்பீக்கரை உங்கள் சட்டைப்பையில் வையுங்கள். அவர் காதில் இயர்போன் மாட்டாதீர்கள், பின்னால் வருகிற சைக்கிள் மணி கேட்காது.

நடை நிலைத்த பிறகு பாட்டு போடலாம். நாலு நாலாக எண்ணக்கூடிய, வேகம் மாறாத பாட்டாக எடுங்கள். மூன்று எண்ணிக்கைப் பாட்டில் அழுத்தம் ஒருமுறை வலதுகாலிலும் மறுமுறை இடதுகாலிலும் விழுந்து குழப்பும்.

ஒவ்வொரு முறையும் கடைசி இரண்டு நிமிடம் ஒலியை நிறுத்திவிட்டு எண்ணுங்கள். அதே 56 வந்தால் மட்டும் அடுத்து 59. தலைசுற்றினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.