ஈம் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 9
Eyam என்று எழுதும் ஊர்ப் பெயரை இங்கே 'ஈம்' என்கிறார்கள். பஸ் ஓட்டுநர் சொன்னதும் என் காதில் ஈமச்சடங்குதான் விழுந்தது. தம்பியிடம் ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 11
தம்பியின் ரத்தத்தில் வெள்ளையணு 0.1. மிகக் குறைவு.

ஆகஸ்ட் 12
காலையில் மூன்று தும்மல். தம்பி இருக்கும் மருத்துவமனை வார்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சளி முழுக்கப் போகும்வரை வர வேண்டாம் என்றார்கள். சொல்லாமல் இருந்திருக்கலாம். இல்லை, கூடாது.

ஆகஸ்ட் 14
பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டன் போகும் ஒற்றையடிப் பாதையில் எல்லைக்கல். ஆறு குழிகள். 1666 ஜூனில், கொள்ளைநோய் வெளியே பரவாதிருக்க, யாரும் ஊரைத் தாண்டுவதில்லை என்று முடிவானது. போதகர் மொம்பெசனும், பதவி பறிபோன பழைய போதகர் ஸ்டான்லியும் சேர்ந்து சம்மதிக்க வைத்தார்கள். வினிகர் ஊற்றிய குழிகளில் காசு போட்டுவிட்டுப் போவார்கள்; அக்கம்பக்கத்தார் எடுத்துக்கொண்டு உணவை வைப்பார்கள். ஒரு குழிக்குள் விரலை விட்டேன். மழைத்தண்ணீர், அழுகிய இலை ஒன்று. விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கிறது.

எல்லாம் ஒரு துணிமூட்டையில் ஆரம்பித்தது. லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்தது. ஈரமாக இருந்ததால் தையற்காரரின் உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ் அடுப்பருகே உலர்த்தினாராம். 1665 செப்டம்பர் 7 அன்று அவர் அடக்கம்.

தம்பிக்குப் போன வாரம் கொடுத்த துணி. 60 டிகிரியில் துவைத்தேன், சரி. மடித்தபோது தொண்டை கரகரத்ததா? செவ்வாயா, புதனா? பையை வாங்கிய நர்ஸ் கையுறை போட்டிருந்தார். பையின் காதை நான் வெறுங்கையால்தான் பிடித்திருந்தேன்.

ஆகஸ்ட் 15
மூக்கு இன்னும் ஒழுகுகிறது. செவ்வாய்தான்.

ஆகஸ்ட் 18
ரைலி கல்லறைகள். வயலுக்கு நடுவே வட்டமாய் ஒரு சுவர், உள்ளே ஹான்காக் குடும்பம். 1666 ஆகஸ்டில், எட்டே நாளில், கணவரையும் ஆறு பிள்ளைகளையும் எலிசபெத் தன் கையாலேயே புதைத்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எஞ்சிய ஒரு மகனைத் தேடி ஷெஃபீல்டுக்குப் போய்விட்டாள். அவன் கதவைத் திறந்தபோது எத்தனை அடி தள்ளி நின்றிருப்பாள்?

ஆகஸ்ட் 20
"அக்கா, எதைத் தின்றாலும் இரும்பு ருசி. புளிக்குழம்பு வாசனையாவது வந்தால் தேவலை." வெளிச்சாப்பாடு கூடாது. காசு போடவும் குழி இல்லை.

ஆகஸ்ட் 25
1666-இல் இதே நாளில்தான் மொம்பெசனின் மனைவி கேத்தரின் இறந்துபோனார். பிள்ளைகளை முன்பே வெளியூருக்கு அனுப்பியிருந்தார்கள். மாலை நடையில், காற்றில் இனிப்பு வாசனை வருகிறதே என்றாராம், அது நோயின் அறிகுறி என்று கணவருக்குப் புரிந்துவிட்டதாம். இப்படித்தான் ஊரில் சொல்கிறார்கள். நானும் மாலை முழுவதும் மோந்துகொண்டே நடந்தேன். ஆட்டுப்புழுக்கை. அப்பாடா.

ஆகஸ்ட் 29
0.6! தும்மலும் இல்லை. இன்னும் 48 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 31
கடைசி ஞாயிறு, கொள்ளைநோய் நினைவு நாள். கேத்தரின் கல்லறைக்கு மலர்வளையம் வைக்க ஊரே கிளம்புகிறது. நான் பஸ்ஸுக்கு நிற்கிறேன். துணிப்பை, முகக்கவசம் இரண்டு. பையின் காதை இருமுறை துடைத்தாயிற்று. மூன்றாவது முறையும்