மெழுகும் சாயமும் வாங்கித் தந்த நிலம்

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், ஓவியர்கள் சேர்ந்து வாழ்ந்து வேலைசெய்யும் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கு எப்போது போனாலும் என் மனம் நிறைந்துவிடுகிறது. அரசு கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், படித்து முடித்தவர்கள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கைவிட்டுவிடக் கூடாது என்று எண்ணி, 1966இல் சக ஓவியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து இதை உருவாக்கினார். மெழுகால் வரைந்து சாயமேற்றும் பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் விற்ற பணம்தான் நிலம் வாங்க அவர்களுக்குக் கைகொடுத்தது.

பாத்திக்கை நானும் செய்து பார்த்திருக்கிறேன். உருக்கிய மெழுகு ஆறுவதற்குள் துணியில் கோடு இழுத்துவிட வேண்டும். உறைந்த மெழுகில் விழும் விரிசல்களின் வழியே சாயம் இறங்கி, யாரும் வரையாத மெல்லிய நரம்புகளைத் துணியில் பதித்துவிடுகிறது. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்கிறவரின் அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூத்த எழுத்தாளர் தம் கைப்பிரதியில் ஒரு வரியை அடித்துத் திருத்துவதை இளையவர்கள் பக்கத்திலிருந்து பார்ப்பதற்கும் இப்படியோர் இடம் அமைய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.