பெத்லகேமுக்கு முறைத் தண்ணீர்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக் கூடத்தின் வடகிழக்கு மூலை பெரியவர்களின் கையை விட்டுப் போய்விடும். கிறிஸ்துமஸ் குடில் கட்டுவது அங்கேதான். ஒரு காலத்தில் நானும் என் அப்பாவும் சிமெண்ட் சாக்குத் தாளைக் கசக்கி, பச்சையும் பழுப்புமாக வண்ணம் பூசி மலை செய்து, வைக்கோல் வேய்ந்து, சுரூபங்களை வரிசையாக நிறுத்தி, ஒரே மாலையில் வேலையை முடித்துவிடுவோம். இப்போது அந்த மூலையின் நிர்வாகம் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளிடமும் யுகேஜி படிக்கும் மகனிடமும் இருக்கிறது. வைக்கோல் சுமந்து கொடுப்பதும், சீரியல் லைட்டில் எந்த பல்பு உயிரை விட்டது என்று கண்டுபிடிப்பதும் மட்டுமே எனக்கு ஒதுக்கப்பட்ட பணிகள்.

திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளுக்கும் நான்கு மெழுகுவத்திகள் உண்டு. மூன்று ஊதா நிறம், ஒன்று ரோஜா நிறம். ஏற்றிய மெழுகுவத்தியை ஊதி அணைப்பதற்காகவே பிறவி எடுத்தவன் எங்கள் சின்னவன் என்பதால், ஒவ்வொரு ஞாயிறும் செபம் முடிவதற்குள் இருட்டாகிவிடும். பிறந்தநாள்காரர் இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் எதற்கு ஊதுகிறாய் என்று அக்காள் அதட்டுவாள். கேக் எங்கே என்று அவன் திருப்பிக் கேட்பான். இந்த வழக்கில் இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால் நான் தலையிடுவதில்லை.

உண்மையான சிக்கல் பயிரில்தான் தொடங்கியது. குடிலைச் சுற்றிப் பசுமைக்காகத் தட்டுகளிலும் கொட்டாங்கச்சிகளிலும் மண் நிரப்பி, கேழ்வரகு, வெந்தயம், கம்பு என்று எதையாவது விதைத்து முளைக்க வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் அப்பாவுக்கு வெந்தயம் ஒரு பயிராகவே கண்ணில் படாது. நெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி முளை விட்ட பிறகுதான் தட்டில் தெளிப்பார். எங்கள் ஊர் வேளாங்கண்ணிக்கு மேற்கே, வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு என்பதும், கல்லணைக்கு வந்த தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது என்பதும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னால் சொல்லிக் கொடுக்கப்படும் பாடங்கள். அந்தப் பாடம் இப்படி எங்கள் தலையிலேயே விடியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

பெரியவள் நீல நிறத் தாளை வெட்டி மலையிலிருந்து ஓர் ஆற்றை இறக்கினாள். ஆற்றின் நடுவே தீப்பெட்டிகளை அடுக்கி அதற்குக் கல்லணை என்று பெயர் வைத்தாள். அதன் பிறகு, தட்டுகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் அதிகாரம் தனக்கே உரியது என்றும், அதுவும் முறை வைத்துத்தான் விடப்படும் என்றும் அறிவித்தாள். அவளுடைய தட்டுகள் அணைக்குப் பக்கத்தில் இருந்தன. தம்பியின் கொட்டாங்கச்சிகள் குடிலின் கடைசியில், ஒட்டகத்துக்கும் அப்பால் கிடந்தன. அவன் முறை வரும்போதெல்லாம் சொம்பில் தண்ணீர் தீர்ந்திருந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தவன், மூன்றாம் நாள் கல்லணையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். தீப்பெட்டிக் கட்டுமானம் என்பதால் போராட்டத்தில் அணையே போய்விட்டது.

வாழ்நாள் முழுவதும் கடைமடை விவசாயியாகவே இருந்து, வராத தண்ணீருக்காக ஆற்றங்கரையில் காத்துக் கிடந்த என் அப்பாவால் இதைத் தாங்க முடியவில்லை. பேத்திமேல் உயிரையே வைத்திருப்பவர், அன்றைக்கு மட்டும் அவளைப் பொதுப்பணித்துறை அதிகாரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். எல்லோரும் படுத்த பிறகு, யாருக்கும் தெரியாமல் எழுந்து பேரனுடைய கொட்டாங்கச்சிகளுக்கு ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் முளைகள் மிதந்தன, ஒட்டகம் முழங்கால் ஆழத்தில் நின்றது, இடையர்களில் ஒருவர் சாய்ந்துவிட்டிருந்தார். “கடைமடைக்கு வந்தா வெள்ளமாத்தான் வரும், இல்லாட்டி வராது; அதானே நம்ம தலையெழுத்து” என்று அப்பா யாரையோ சொல்வது போலச் சொல்லிவிட்டு வயலைப் பார்க்கப் போய்விட்டார். மறு விதைப்புக்கு நல்ல வேளையாக நாள் இருந்தது.

வெளியேயும் மழை விடவில்லை. வாசலில் தொங்கவிட்ட காகித நட்சத்திரத்துக்குப் பாலித்தீன் பை போர்த்தியிருந்தோம். அதன் உள்ளே விளக்கு எரிந்தால் ஜவுளிக்கடைப் பை ஒன்று தெய்வீக ஒளி வீசுவது போல இருக்கும். இரவு செபத்தில் சம்பா பூக்கும் நேரம், மழையை நிறுத்து ஆண்டவரே என்று தாத்தா வேண்டுவார். பெரியவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நாளைக்குக் கலெக்டர் லீவு விட வேண்டும், அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பரீட்சை மட்டுமாவது தள்ளிப்போக வேண்டும் என்று வேண்டுவாள். ஒரே கூரையின் கீழிருந்து நேர் எதிரான இரண்டு மனுக்கள் போனால் மேலிடம் என்னதான் செய்யும்? கணக்குப் பரீட்சையன்று பளீரென்று வெயில் அடித்தது. தாத்தாவும் பேத்தியும் அன்று காலையில் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எங்கள் பங்குச்சாமியார், குடில் வைக்கும் வழக்கம் பரவியதற்கு 1223ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் அமைத்த குடில்தான் காரணம் என்று விளக்கினார். அதில் உயிருள்ள மாடும் கழுதையும் நின்றன என்று அவர் சொன்ன இடத்தில் என் பிள்ளைகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். கழுதைக்கு எங்கள் ஊரில் வழியில்லை. மாட்டைக் கூடத்துக்குள் கொண்டுவர அப்பாயி சம்மதிக்க மாட்டார். ஆகவே கொல்லையில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டி உள்ளே வந்தது. வந்த குட்டி பாலன் பிறக்கப்போகும் இடத்தைப் பார்த்து மண்டியிடவில்லை. விரற்கடை உயரத்துக்குத் தளதளவென்று வளர்ந்திருந்த நெல் நாற்றைக் கண்டது, தலைமடை கடைமடை பேதமின்றி எல்லாத் தட்டுகளையும் மேய்ந்தது. கூரை வைக்கோலிலும் ஒரு வாய் இழுத்துப் பார்த்தது.

அடுத்த அரைமணி நேரம் அழுகை. பிறகு பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலர் பயிர்ச்சேதக் கணக்கெடுக்க வருவாரா என்று தாத்தாவிடம் விசாரித்தாள். “வருவாரு, பொங்கலுக்கு அப்புறம்” என்றார் தாத்தா. கடைசியில் அரிந்த நாற்றுக்கட்டையே மறுபடி துளிர்த்துப் பெத்லகேமைக் காப்பாற்றியது.

பயிர்ப் பிரச்சினை ஓய்ந்தபின் சின்னவனின் பார்வை ஆட்கள் பக்கம் திரும்பியது. மாதா உட்கார்ந்திருக்கிறார், இடையர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், மாடுகூடப் படுத்திருக்கிறது. சூசையப்பர் மட்டும் ஏன் வருடாவருடம் நின்றுகொண்டே இருக்கிறார் என்று கேட்டான். வீட்டில் தமிழ் படித்தவள் என் மனைவி. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், சூசையப்பருக்கு வளன் என்று பெயர் சூட்டி, அவரையே பாட்டுடைத் தலைவராக வைத்துத் தேம்பாவணி என்று ஒரு காப்பியம் பாடினார், அதில் 3,615 பாடல்கள் இருக்கின்றன, அவருக்கு அத்தனை பெருமை என்று அவள் சொன்னாள். அவன் எண்ணிக்கையைக் கேட்டு வாயைப் பிளந்தான். பிறகு, “அத்தனை பாட்டு பாடுனவரு ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்ல?” என்றான். அன்று மாலை தீப்பெட்டியும் குச்சியுமாக ஒரு நாற்காலி வந்தது. நின்ற கோலத்தில் வார்க்கப்பட்ட சூசையப்பரை அதில் உட்காரவைக்க முடியாததால், நாற்காலி அவருக்குப் பின்னால் இன்றைக்கும் காலியாகவே இருக்கிறது. யூதேய நாட்டைத் தமிழ்நாட்டு மருத நிலத்தின் சாயலில் பாடிய அந்த முனிவர் எங்கள் கூடத்துக்கு வந்திருந்தால், பெத்லகேமில் கல்லணை இருப்பதைப் பார்த்து அவர் ஒன்றும் திகைத்திருக்க மாட்டார் என்பது என் மனைவியின் கட்சி.

பக்கத்து வீட்டுச் சிறுமிக்குக் குடில் வேலையில் எங்கள் பிள்ளைகளைவிட அக்கறை அதிகம். மார்கழிக் கோலத்துக்குப் பூசணிப்பூ வைத்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அப்பாயி ஒரு நாள் முறுக்கு பிழிந்துகொண்டே, பிள்ளை பெறப்போகிறவளை இந்தப் பனியில் உட்காரவைத்திருக்கிறீர்களே, அவளுக்குப் பத்தியம் யார் வைப்பார்கள், பூண்டுக் குழம்புக்கு எங்கே போவாள் என்று விளையாட்டாகத்தான் கேட்டார். அந்தச் சிறுமி எழுந்து வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது அவள் கையில் அவர்கள் வீட்டுக் கொலுவின் மளிகைக்கடைச் செட்டியார் பொம்மை இருந்தது. அரிசி, பருப்பு, மிளகு எல்லாம் குட்டிக் குட்டிக் குவியல்களாகக் கொட்டப்பட்டு, தொழுவத்துக்கு இரண்டு சாண் தூரத்தில் கடை திறக்கப்பட்டது. உரித்த பூண்டுப் பல் ஒன்றை அப்பாயியே கொண்டுவந்து வைத்தார்.

மூன்று ராஜாக்கள் ஜனவரி 6 வரை குடிலுக்குள் வரக் கூடாது என்பதால் அவர்கள் சமையலறை அலமாரியிலிருந்து பயணம் புறப்பட்டு, நாளுக்கு ஒரு தப்படியாக வந்துகொண்டிருந்தார்கள். வழியில் ஒருவர் துடைப்பத்தால் அடிபட்டுக் கழுத்து போனார். அவருடைய இடத்தில், தஞ்சாவூரிலிருந்து வாங்கி வந்த தலையாட்டி பொம்மை ராஜா நியமிக்கப்பட்டார். அவருக்குக் காணிக்கை ஏந்தக் கை இல்லை. ஆகவே தங்க நிறத் தாள் சுற்றிய தீப்பெட்டி ஒன்று பொன்னாக அவர் பக்கத்தில் வைக்கப்பட்டது. சாம்பிராணி எதற்கென்று எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கவே தேவையில்லை. குளிப்பாட்டிய குழந்தையின் தலையை உலர்த்தப் புகை காட்ட வேண்டாமா? வெள்ளைப்போளம்தான் யாருக்கும் பிடிபடவில்லை. செட்டியாரிடம் கொடுத்துவிட்டு வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

கேரல் குழுவினர் கொட்டும் தாளமுமாக வந்த இரவில் கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கண்டு சின்னவன் பயந்து ஒளிவான் என்று நினைத்தோம். அவன் முகமூடியைப் பார்க்கவே இல்லை, செருப்பைப் பார்த்தான். கைநிறைய மிட்டாயை வாங்கிக்கொண்டு, “எங்க மோட்டாரை எப்ப சரி பண்ணித் தருவீங்க?” என்று மெதுவாகக் கேட்டான். தாத்தா ஆட்டத்தை நிறுத்திவிட்டு, “பண்டிகை முடிஞ்சதும் வந்துடறேன் தம்பி” என்றது பருத்தித் தாடிக்குள்ளிருந்து கேட்டது.

இருபத்துநான்காம் தேதி நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து, பாலன் இயேசுவைத் தீவனத் தொட்டியில் கிடத்தி, செபம் சொல்லிவிட்டுத்தான் படுப்போம். அதுவரை பாலனை ஒளித்துவைப்பது என் மனைவியின் பொறுப்பு. அவள் அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தாள். மூடியைத் திறந்து முழங்கை வரை விட்டுத் துழாவினாள், அரிசிதான் வந்தது. நாங்கள் நால்வரும் நள்ளிரவில் அரிசியைத் தாம்பாளத்தில் கொட்டிச் சலித்தோம். பெரியவள் மட்டும் சுவரில் சாய்ந்து, தான் வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பினோம். அவன் கண்ணைத் திறக்காமலே சாப்பாட்டு மேசைப் பக்கம் கையைக் காட்டினான். அங்கே ஒரு நாற்காலிக்கு அடியில், என் கைக்குட்டையின் இரு முனைகளையும் கால்களில் கட்டி ஒரு தூளி. அதற்குள் பாலன், கழுத்துவரை போர்த்தி, கொசு கடிக்காமலிருக்க மேலே ஒரு டீ வடிகட்டி.

“டின்னுக்குள்ள மூச்சு முட்டும்ல?” என்றான். தொட்டிக்கு மாற்றவும் அவன் சம்மதிக்கவில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்று பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைப் பார்த்து அம்மா சொன்னதை, கொஞ்சம் முன்பு தன்னை எழுப்பியவர்களுக்கே எடுத்துச் சொன்னான். ஆகவே தொட்டி காலியாக இருக்க, குடிலின் கூரைக் கழியில் தூளி கட்டப்பட்டது. வாழ்த்துச் சொல்ல வந்த உபதேசியார் நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு போகும்போது ஒருமுறை தூளியை ஆட்டிவிட்டுப் போனார்.

ராஜாக்கள் திருநாளன்று மூவரும் வந்து சேர்ந்தார்கள். தலையாட்டி ராஜாவை யார் கடந்து போனாலும் அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததால், வணக்கம் செலுத்தியதில் அவர்தான் முதலிடம். மறுநாள் குடிலைப் பிரிக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு அத்தை தங்கள் செட்டியாரைக் கேட்டு வந்தார். சின்னவன் கொடுக்க மறுத்தான். மாதா இத்தனை நாளும் பருப்பும் பூண்டும் கடனாகவே வாங்கியிருக்கிறார், பணம் தராமல் கடைக்காரரை எப்படி அனுப்புவது என்பது அவன் கேள்வி. சூசையப்பர் தச்சு வேலை முடித்துக் கூலி வாங்கும்வரை பொறுக்க வேண்டும் என்றான். பெரியவள் கொஞ்சம் யோசித்தாள். பொன்தான் வந்திருக்கிறதே, அதிலேயே கணக்கை நேர் செய்துவிடலாம் என்று தீர்த்துவைத்தாள்.

மாலையில் அத்தை அந்தத் தங்க நிறத் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் வாசலில் நின்றார். பாக்கியைச் செட்டியார் திருப்பிக் கொடுத்தனுப்பியிருப்பதாகச் சொல்லி நீட்டினார். பெட்டிக்குள் நான்கு மிளகும், பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாயும் இருந்தன. சின்னவன் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, மிளகை எண்ணிப் பார்த்து, கணக்குச் சரியாக இருக்கிறது என்றான்.