தோத்தாலும் ஒரு பாயின்ட்

ப்ரோ கபடி லீக்கில் ரொம்ப நாளாக ஒரு விதி இருந்தது. ஜெயித்தால் ஐந்து பாயின்ட், சமன் ஆனால் மூன்று. தோற்றாலும், ஏழு பாயின்ட் வித்தியாசத்துக்குள் தோற்றால் ஒன்று. இந்த ஒன்றை நம்பித்தான் நானும் மன்னார்குடிப் பெரியப்பாவும் வருஷக்கணக்காக நம்ம ஊர் அணியான தமிழ் தலைவாஸை ஆதரித்துக்கொண்டிருந்தோம்.

பெரியப்பா அந்தக் காலத்தில் ஊர்க் குழுவில் பிடி ஆள், அதாவது பாடி வருகிறவனை மடக்கிப் பிடிப்பவர். பொங்கல் போட்டியில் முட்டி பிசகி, அதோடு ஆட்டத்தை விட்டவர். இன்றும் பஸ் படியில் வலது காலைத்தான் முதலில் வைப்பார். அவருக்கு இது கபடி இல்லை, சடுகுடு. மண்ணில் ஆடாமல் மெத்தை போட்டு ஆடுவதும், மூச்சைப் பிடித்துப் பாடாமல் முப்பது செகண்ட் கடிகாரம் பார்ப்பதும் அவருக்கு ஆகாது. ஆனாலும் ஆட்டம் முடிந்த அடுத்த நிமிஷம் போன் வந்துவிடும். வீட்டு டிவியில் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவார், இருந்தாலும் கேட்பார்: "எத்தனையில தோத்தோம்?"

ஜெயிச்சோமா என்று கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை.

தலைவாஸ் முதலில் களமிறங்கியது 2017இல். டெண்டுல்கர் பங்குதாரர், அஜய் தாக்கூர் கேப்டன். தெருமுனைக் கடையில் அணியின் பெயர் போட்ட டூப்ளிகேட் டி-ஷர்ட் ஒன்று வாங்கினேன். ஹைதராபாத்தில் தெலுகு டைட்டன்ஸோடு முதல் ஆட்டம், 32-27இல் தோல்வி. "அஞ்சுதான் வித்தியாசம், ஒரு பாயின்ட் உண்டு. ஆரம்பமே லாபம்" என்றார் பெரியப்பா. அந்த சீசன் முடியும்போது எங்கள் பிரிவில் கடைசி இடம். டி-ஷர்ட் முதல் துவையலிலேயே வெளுத்திருந்தது.

அடுத்த சீசன் சென்னையிலேயே தொடக்கம். 2018 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை, நேரு உள்விளையாட்டரங்கம். பெரியப்பா மன்னை எக்ஸ்பிரஸ் பிடித்து, ஒரு மஞ்சப்பையும் முட்டிக்குப் போடும் பட்டையுமாக வந்து இறங்கினார். எதிரணி பாட்னா பைரேட்ஸ், அதற்கு முன் தொடர்ந்து மூன்று முறை கோப்பை வாங்கியவர்கள். அவர்களை 42-26 என்று அடித்தோம். பெரியப்பா பக்கத்து சீட்டில் இருந்த கல்லூரிப் பையனைக் கட்டிப்பிடித்ததை என் கண்ணால் பார்த்தேன். அவர் என்னையே கட்டிப்பிடித்ததில்லை.

மறுநாள் காலையில் அரைக் கிலோ மைசூர்பாக்கோடு ஆபீஸ் போனேன். எங்கள் பிரிவில் பாட்னாக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் டப்பாவை நீட்டி, "உங்களைத் தோற்கடிச்சுட்டோம்" என்றேன். இரண்டு துண்டு எடுத்துக்கொண்டவர் நிதானமாகக் கேட்டார்: "கபடியா? அதுல எங்க ஊர் டீம் வேற இருக்கா?"

இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஆளுக்கு மூன்று கோப்பை. இதற்குப் பெயர்தான் விதி.

"நான் வந்தா ஜெயிக்குது, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்று பெரியப்பா தங்கினார். மறுநாள் யூ.பி. யோத்தாவிடம் தோல்வி. அதற்கு மறுநாள் டைட்டன்ஸிடம் தோல்வி. "நான் போனாலாவது ஜெயிக்கட்டும்" என்று ராத்திரியே ரயில் ஏறினார். அவர் ஊர் போய்ச் சேர்ந்த அன்று பெங்களூர் புல்ஸிடம் தோல்வி. போன் வந்தது. "அப்ப நான் காரணம் இல்லை" என்றார். குரலில் ஒரு நிம்மதி.

2019ஐப் பற்றி நிறையச் சொல்ல இஷ்டமில்லை. ராகுல் சவுத்ரி, அஜய் தாக்கூர், மஞ்சித் சில்லர் என்று மூன்று பெரிய தலைகளை ஒரே அணியில் சேர்த்தார்கள். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம் வந்தது. எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் மூன்று தவசிப்பிள்ளைகள் சேர்ந்தால் சாம்பாருக்கு உப்பு யார் போட்டது என்று கடைசிவரை தெரியாது, அந்தக் கதைதான். அடுத்த சீசனில் நிறைய சமன் செய்தார்கள். சமனுக்கு மூன்று பாயின்ட் என்பதால் பெரியப்பா கொஞ்சம் ஆடம்பரமாகவே உணர்ந்தார்.

2022க்கு வருகிறேன். பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து ஏலத்தில் எடுத்தார்கள், அதுவரை கபடியில் யாருக்கும் தராத விலை. முதல் ஆட்டம் குஜராத்தோடு. நான் டிவி முன்னால் உட்கார்ந்து காபியில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன், பவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். அந்த சீசன் முழுக்க அவர் திரும்ப ஆடவில்லை. அவர் பிடிக்கப் போனது யாரை? குஜராத் கேப்டன் சந்திரன் ரஞ்சித், நம்ம தமிழ்நாட்டுப் பையன். பெரியப்பா போனில் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "முட்டி ரொம்ப மோசமான சாமான்டா தம்பி" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷம்தான் அணி ஆடியது. நரேந்தர் என்று ஒரு புதுப்பையன் பாடிப் போனால் வெறுங்கையோடு வருவதில்லை. முதல்முறையாக பிளே ஆஃப். டிசம்பர் 13, மும்பையில் எலிமினேட்டர், அதாவது தோற்றால் வெளியே, யூ.பி. யோத்தாஸோடு 36-36 என்று சமன். யார் ஜெயித்தது என்று முடிவு செய்ய டை பிரேக்கர், அணிக்கு ஐந்து ரெய்டு, அதாவது ஐந்து முறை பாடிப் போகலாம். என் மனைவிக்குக் கபடியில் அக்கறை கிடையாது, அந்த நேரம் பார்த்து அடுக்களையில் கிரைண்டரில் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்த கடகட சத்தத்தில் வர்ணனையே கேட்கவில்லை. 6-4 என்று ஜெயித்துவிட்டோம்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு.

"அரையிறுதிக்கும் மாவு ஆட்டச் சொல்லு" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். டிசம்பர் 15 காலையில் ஆறு மணிக்குப் போன்: "அரிசி ஊறப் போட்டாச்சா?" மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு, பெரியப்பா பேரைச் சொல்லிக் கேட்டேன். "முந்தாநாள் மாவே ஒரு தூக்கு நிறைய இருக்கு" என்றாள். முறைத்தாள். என்ன நினைத்தாளோ, நாலு படி அரிசி ஊறப் போட்டாள். ஜெயிக்கிற அளவுக்கு இருக்கட்டும் என்றாள்.

புனேரி பல்டனோடு ஆட்டம். கிரைண்டர் ஓடுகிறது, பாதி ஆட்டத்தில் நாம் முன்னிலை. இடைவேளையில் மாவு பதத்துக்கு வந்துவிட்டது என்று கிரைண்டரை நிறுத்தப் போனாள். "நிறுத்தாதே" என்று கத்தினேன். "இதுக்கு மேல ஓடினா மாவு சூடாயிடும், இட்லி கல்லு மாதிரி வரும்" என்றாள். வரட்டும் என்றேன். கிரைண்டர் ஓடியது. புனே எட்டிப் பிடித்தது, தாண்டியது. கடைசி ரெய்டு முடிந்தபோது 39-37. ரெண்டே பாயின்ட். நான் டிவியை அணைத்தேன், அவள் கிரைண்டரை அணைத்தாள். அந்த அமைதியில் அடுக்களையிலிருந்து மெதுவாகக் கேட்டாள்: "ரெண்டுல தோத்தா ஒரு பாயின்ட் உண்டுல்ல?"

அரையிறுதியில் அதெல்லாம் கிடையாது என்று சொல்ல மனசு வரவில்லை.

அடுத்த ஒன்பது நாள் எங்கள் வீட்டில் காலை, ராத்திரி இரண்டு வேளையும் தோசை. இட்லி அவள் சொன்ன மாதிரியே கல்லு. மாவு புளிக்கப் புளிக்க ஊத்தப்பம், அதுக்கப்புறம் வெங்காயம் போட்டுப் பணியாரம், கடைசியில் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம். என் பையன் ஏழாம் நாள் தட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, நாம மும்பையை சப்போர்ட் பண்ணக் கூடாதா?" என்று கேட்டான். அவனுக்கு வயது ஆறு. மன்னித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த சீசன்களில் மறுபடி பட்டியலின் கீழ்ப்பாதிதான். 2024இல் நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்துச் சேரலாதன் பயிற்சியாளர் குழுவில் வந்தபோது பெரியப்பாவுக்கு உயிர் வந்தது. மற்ற ஊர் அணிகளுக்கெல்லாம் ஆடிய மனுஷன் கடைசியில் நம்ம வாசலுக்கு வந்தாரே என்று. அந்த வருஷம் பாயின்ட் கணக்கை காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தார்.

போன வருஷம், 2025 சீசன் தொடங்குவதற்கு முன் விதிகளை மாற்றிவிட்டார்கள். ஜெயித்தால் இரண்டு பாயின்ட். சமன் என்ற பேச்சே இல்லை, டை பிரேக்கர் வைத்து யாராவது ஒருவரை ஜெயிக்க வைத்துவிடுவார்கள். தோற்றால், எத்தனையில் தோற்றாலும், பூஜ்ஜியம். இதைப் பெரியப்பாவிடம் யார் சொல்வது? நானே கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் கேட்டார்:

"அப்ப இனிமே சும்மாவாடா தோக்கணும்?"