மறதிநோய்ப் புதிய மருந்துகள்: வரிசை எங்கே நின்றுபோகிறது

மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை அகற்றும் அல்சைமர் மருந்துகளான லெகனமாப், டொனனமாப் வந்தபின் நாடு தழுவிய மறதிநோய்ச் சேவையைத் திட்டமிட உட்காருபவர்கள் முதலில் பேசுவது மருந்தின் விலையைத்தான். வேலையில் இறங்கினால் இடிப்பது எம்.ஆர்.ஐ. நேரம்.

லெகனமாபுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.கி., இரு வாரத்துக்கு ஒரு முறை டிரிப்ஸாக ஏற்ற வேண்டும். நூறு பேருக்கு ஆண்டில் 2,600 முறை. அதாவது வாரத்துக்கு 50. ஏறுவதற்கு ஒரு மணி நேரம். மருந்து கலப்பது, ஊசி போடுவது, பிறகு கவனிப்பது எல்லாம் சேர்த்து இரண்டு மணி என்று வைத்தால் ஒரு நாற்காலியில் நாளுக்கு 4 பேர், ஐந்து நாளில் 20. மூன்று நாற்காலி போதும். ஆனால் இந்த மருந்து மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ தரக்கூடும் என்பதால், அதே நூறு பேருக்குத் தொடங்கும் முன் ஒன்று, பிறகு 3, 5, 7, 14-ஆம் தவணைகளுக்கு முன் ஒவ்வொன்று என அரை ஆண்டுக்குள் 500 எம்.ஆர்.ஐ. நாற்காலியை வாங்கிவிடலாம். படத்தை முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, அடுத்த தவணைக்குள் பதில் சொல்லும் கதிரியக்க மருத்துவரை அப்படி வாங்க முடியாது. ஒருவருக்கு எப்போதும் ஒரே கருவி, ஒரே முறை. கருவி மாறினால் மூளையின் பழைய நுண்கசிவும் (மிகச் சிறிய ரத்தக் கசிவு) புதிதுபோலத் தெரியும்.

பரிசோதனைகளின் வரிசையிலும் பலர் தவறுகிறார்கள். பி12, தைராய்டு, மனச்சோர்வு, காது கேட்கும் திறன், மறதியைத் தரும் மாத்திரைகள் ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். அடுத்து எம்.ஆர்.ஐ. நான்குக்கு மேல் நுண்கசிவு இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்தாலோ பெரும்பாலும் இந்தச் சிகிச்சை கிடையாது. பிறகு எதற்கு அவருக்கு முதுகில் ஊசி? அமிலாய்டைச் சோதிக்கத் தண்டுவட நீர் எடுப்பதென்றால் பாலிப்ரொப்பிலீன் குழாயில்தான். வேறு குழாயின் சுவரில் அமிலாய்டு ஒட்டிக்கொண்டு அளவு பொய்யாகக் குறையும்.

அல்சைமரைக் கண்டறிய உதவும் ரத்தப் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது: 55 வயதும் அதற்கு மேலும், அறிகுறி உள்ளவர்களுக்கு, சிறப்பு மருத்துவரிடத்தில். இந்த வரம்பைத் தளர்த்தினால் அறிகுறியே இல்லாத முதியவர்கள் 'பாசிட்டிவ்' தாளோடு கிளினிக்கை நிறைப்பார்கள். சிறுநீரகக் கோளாறு, இந்தச் சோதனை அளக்கும் பி-டாவ் 217 என்ற புரதத்தின் அளவை உயர்த்திக் காட்டும். ஐந்தில் ஒருவருக்கு முடிவு நடுவில் தொங்கும். அவர்களுக்கு பெட் ஸ்கேனோ தண்டுவட நீரோ முன்பே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

பக்கவிளைவின் ஆபத்தைக் காட்டும் ஏபிஓஇ மரபணுச் சோதனையை மருந்துக்கு முன் செய்யாமல் இருக்கக் கூடாது. லெகனமாப் ஆய்வில் மூளை வீக்கம், அந்த மரபணுவின் இ4 வகை இரண்டு பிரதி உள்ளவர்களில் 32.6%, ஒன்று உள்ளவர்களில் 10.9%, இல்லாதவர்களில் 5.4%. முடிவு பிள்ளைகளுக்கும் சேர்த்துச் செய்தி என்பதால், ரத்தம் எடுக்கும் முன்பே அதைப் பேசிவிடுங்கள்.

எங்கள் கணக்கில் மிக ஆபத்தான ஓட்டை அவசரப் பிரிவு. இந்த வீக்கம் பக்கவாதம் போலவே தோன்றும். உறைகட்டியைக் கரைக்கும் மருந்தைப் போட்டுவிட்டால் மூளைக்குள் ரத்தம் பெருகி உயிர் போகலாம், போயிருக்கிறது. இந்த மருந்து பெறுபவர் என்று சொல்லும் அட்டை கைப்பையில், மின்பதிவேட்டில் சிவப்பு எச்சரிக்கை, இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி: இந்த மூன்றும் தயாராகாமல் முதல் தவணை போட வேண்டாம்.

பலன் என்ன என்பதையும் எண்ணாகவே சொல்லுங்கள். லெகனமாப் ஆய்வில், 18 மாதத்தில், நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் மருந்து பெறாதவர்களோடு 0.45 வித்தியாசம். சரிவு மெதுவாகும், போன நினைவு திரும்பாது.

பரிசோதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு மருந்து பொருந்தாது. 'தகுதி இல்லை' என்று கோப்பை மூடும் இடத்தில்தான் குடும்பங்கள் காணாமல் போகின்றன. அன்றே ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரின் பெயர் அவர்கள் கையில் இருக்கட்டும். அதற்கான நிதி மருந்து நிதியோடு கலக்காமல் தனித் தலைப்பில் இருக்கட்டும்.

தேசியப் பதிவேட்டில் மருந்து பெறாதவர்களையும் காரணத்தோடு எழுதுங்கள். லெகனமாப் ஆய்வில் சேர, எம்.எம்.எஸ்.இ. என்ற நினைவாற்றல் சோதனையின் மதிப்பெண் 22-க்குக் குறையக் கூடாது. 24-இல் வந்தவர் எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருந்தே 21-க்கு இறங்குவதுண்டு. 'காத்திருப்பில் தகுதி இழந்தவர்' என்று ஒரு தனிக் கட்டம் வையுங்கள். அடுத்த ஆண்டு ஸ்கேன் நேரம் கேட்கப் போகும்போது கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.